பில்லு போட்டாச்சா?

அந்தக் கண்ணாடியில் அரைவட்டமாக ஒரு துளை. பணம் உள்ளே போகவும் ரசீது வெளியே வரவும் விட்டது. நிற்கிற ஆளுக்கு அது இடுப்பு உயரத்தில் இருக்கிறது. உள்ளே இருப்பவரிடம் பேச வேண்டுமென்றால் குனிய வேண்டும். கோபத்தில் இருக்கிறவர் எவ்வளவு நேரம் குனிந்து நிற்பார்? நிமிர்ந்துவிடுகிறார். நிமிர்ந்தால் கண்ணாடி மறைக்கிறது. சொன்னது உள்ளே கேட்கவில்லையோ என்று குரலை ஏற்றுகிறார். இங்கே எழும் கத்தலில் பாதிக்கு இந்தத் துளையின் உயரம்தான் காரணம் என்று முதல் ஒரு மணி நேரத்திலேயே எனக்குத் தோன்றிவிட்டது.

மதுரையில் நூற்றிருபது படுக்கைகள் உள்ள ஒரு தனியார் மருத்துவமனை. பெயரை எழுதக் கூடாது, யாரையும் படம் எடுக்கக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளோடு ஒரு நாள் முழுக்க பில்லிங் கவுண்டருக்குள் உட்கார விட்டார்கள். போனதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. 2019இல் அப்பாவை வேறொரு ஊரில் வேறொரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். டிஸ்சார்ஜ் அன்றைக்குப் பில்லில் ‘கையுறை 46 ஜோடி’ என்று பார்த்ததும் ஜன்னலுக்குள் இருந்த சின்னப் பெண்ணிடம் ஊரே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். “சார், நான் பில்லு மட்டும்தான் போடறேன்” என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது உண்மை என்று உறைத்தது. கையுறையைப் போட்டவளும் அவள் இல்லை, விலை வைத்தவளும் அவள் இல்லை.

இங்கே மூன்று ஜன்னல்கள். ஒன்று புறநோயாளிகளுக்கு, ஒன்று அட்வான்ஸுக்கு. மூன்றாவதுதான் டிஸ்சார்ஜ். அதில் இருப்பவரை டாக்டர்கள் முதல் தூய்மைப் பணியாளர் வரை எல்லோரும் அக்கா என்றே கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். பதினான்கு வருட சர்வீஸ். மேஜையில் கால்குலேட்டர், முனை சீவிய பென்சில் மூன்று, ஒரு டப்பா பொட்டுக்கடலை. “பென்சில் எதுக்குக்கா, எல்லாம் கம்ப்யூட்டர்லதானே?” என்றேன். “இருங்க, பாப்பீங்க” என்றார்.

பத்தே காலுக்கே பார்த்துவிட்டேன்.

திருமங்கலம் பக்கத்துக்காரர். மனைவிக்குப் பித்தப்பையில் கல், லேப்ராஸ்கோப்பி முடிந்துவிட்டது, சேர்த்து நான்காம் நாள். பில் 91,350 ரூபாய். முதலிலேயே 40,000 கட்டியிருக்கிறார். மீதி 51,350 என்று சொன்னதும் அவர் சட்டென்று கத்தவில்லை. தாளை வாங்கி ஒரு தடவை பார்த்தார், பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், பிறகு கண்ணாடியில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி.

“டாக்டர் அறுபதுக்குள்ள முடிஞ்சிரும்னு சொன்னாரு. அவரு வாயால சொன்னாரு. நீ யாரு அதுக்கு மேல போடுறதுக்கு?”

வரிசையில் நின்றவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள். வாசலிலிருந்து செக்யூரிட்டி வர எழுந்தார், அக்கா கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டார். கம்ப்யூட்டரை அப்படியே விட்டு, பில்லையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவைத் திறந்து வெளியே போனார். எனக்கு அது பயமாக இருந்தது. அடிக்க வருகிறவரிடம் கண்ணாடியை விட்டு வெளியே போவதா? சுவரோரம் கிடந்த நாற்காலியில் முதலில் தான் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார்.

“வாங்கண்ணே, இப்படி உக்காருங்க. மதினி எப்படி இருக்காங்க? வலி விட்ருச்சா?”

அவர் உட்காரவில்லை. “அதெல்லாம் நல்லாத்தேன் இருக்கா. கணக்கச் சொல்லு நீ.”

“கணக்குத்தாண்ணே சொல்லப் போறேன். நின்னுக்கிட்டு பாத்தா உங்களுக்குத் தெரியாது.”

உட்கார்ந்தார். அதற்கப்புறம் நடந்தது பன்னிரண்டு நிமிடம், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். டாக்டர் சொன்ன அறுபதாயிரம் பில்லில் அப்படியே இருக்கிறது. ஆபரேஷன் தியேட்டர், சர்ஜன், மயக்க டாக்டர், இரண்டு நாள் வார்டு எல்லாம் சேர்ந்த பேக்கேஜ். அக்கா அதைப் பென்சிலால் சுழித்தார். “இது அவர் சொன்னது. ஒரு ரூவா கூடல. சரியா?” பிறகு மற்றவை. வந்த அன்றைக்கு சர்க்கரை 340. அது இறங்குகிற வரைக்கும் கத்தி வைக்க முடியாது என்று இரண்டு நாள் கூடுதலாகப் படுக்கை, 4,400. குழாயில் கல் இறங்கியிருக்கிறதா என்று பார்த்த எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் 8,500. மருந்து 13,650. ரத்தப் பரிசோதனைகள் 3,200. சர்க்கரைக்குப் பார்த்த டாக்டரின் வருகை 1,600. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதி எழுதி, “அன்னைக்கு சாயங்காலம் தள்ளுவண்டில கீழ கூட்டிட்டுப் போனாங்கள்ல, அது” என்று அவர் கண்ணால் கண்ட ஒன்றோடு சேர்த்தே சொன்னார்.

மருந்து வரியில் பென்சில் நின்றது. திரும்பக் கொடுத்த மருந்து எங்கே? வார்டுக்குப் போன் போட்டார். பயன்படுத்தாத ஊசி மருந்துகள் காலையில் ஃபார்மசிக்கு இறங்கியிருக்கின்றன, கம்ப்யூட்டரில் இன்னும் வரவு வைக்கவில்லை. 2,860 ரூபாய். அடித்து எழுதினார்: 88,490.

அந்த 2,860 குறைந்ததும் மனிதர் சமாதானமாவார் என்று நினைத்தேன். அவர் அக்காவின் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார்: “அப்ப நான் சத்தம் போடலேன்னா?”

அக்காவிடம் அதற்குப் பதில் இல்லை. எனக்கும் தெரியவில்லை. கத்தியவனுக்குத்தான் கணக்கு சரியாகும் என்று ஒருவருக்குத் தெரிந்துவிட்டால் அடுத்த முறை அவர் நேராகக் கண்ணாடியில்தான் ஆரம்பிப்பார். அதைப் பண்பாடு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குறைத்துப் போடச் சொல்லிக் கேட்டார். இங்கே யார் எவ்வளவு குறைக்கலாம் என்று எழுதப்படாத சட்டம் ஒன்று இருக்கிறது. ஜன்னலில் இருப்பவர் ஒரு ரூபாய்கூட முடியாது. சூப்பர்வைசர் ஆயிரம் வரை. மேனேஜர் நூற்றுக்கு ஐந்து வரை. அதற்கு மேல் டாக்டர் சொல்ல வேண்டும். இது வெளியே நிற்கும் யாருக்கும் தெரியாது. அதனால் எல்லாருடைய கெஞ்சலும் மிரட்டலும் ஒரு ரூபாய்கூடக் குறைக்க முடியாத அந்த ஒருத்தரிடம்தான் போய் விழுகிறது. அக்கா தியேட்டருக்குப் போன் செய்து, அடுத்த கேஸுக்குக் கை கழுவிக்கொண்டிருந்த சர்ஜனைப் பிடித்தார். அரை நிமிடப் பேச்சு. “மூவாயிரம் குறைக்கச் சொல்லிட்டாருண்ணே. அவரு ஃபீஸ்ல இருந்து.” அந்த ஆள் எழுந்து, இடுப்பிலிருந்த துணிப்பையை அவிழ்த்து, எண்ணிக் கொடுத்தார். போகும்போது கண்ணாடியைத் தட்டியதற்காக எதுவும் சொல்லவில்லை. “சக்கர மாத்திர எழுதிருக்காகளா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

சர்க்கரை கூடியதால் இரண்டு நாள் தள்ளிப்போகிறது, அறுபது என்பது எண்பதுக்கு மேல் போகும் என்று முதல் நாளே அவரிடம் யாராவது சொன்னார்களா? கேட்டேன். “டாக்டர் சக்கரையப் பத்திச் சொல்லிருப்பாரு சார், பணத்தப் பத்திச் சொல்லிருக்க மாட்டாரு. பணம் பேசுனா மரியாத இல்லேன்னு ஒரு நெனப்பு அவங்களுக்கு” என்றார் அக்கா. அன்று கேட்டதிலேயே முக்கியமான வாக்கியம் அதுதான் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

பதினொரு மணியிலிருந்து ஒரே கேள்வி. “பில்லு போட்டாச்சா?” துளை வழியாக, கதவு இடுக்கு வழியாக, போனில், லிஃப்ட் அருகே மறித்து. எண்ணிக்கொண்டு வந்தேன், நாற்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். ரவுண்ட்ஸ் வரும் பெரிய டாக்டர் பத்தரைக்கு, “இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம்” என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவ்வளவுதான், குடும்பம் பிளாஸ்க்கைக் கழுவி, போர்வையை மடித்து, கூடையைக் கட்டி, ஊரிலிருந்து காரை வரச் சொல்லிவிடுகிறது. அவர்களுக்கு அந்த நிமிடமே டிஸ்சார்ஜ் முடிந்துவிட்டது. மருத்துவமனைக்கோ அப்போதுதான் ஆரம்பம்.

ஒரு ஃபைலின் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். மூன்றாம் மாடி நர்ஸ் ஸ்டேஷன். டிஸ்சார்ஜ் சம்மரி எழுத வேண்டிய டியூட்டி டாக்டர் அவசரப் பிரிவுக்கு ஓடியிருந்தார். ஃபைல் ரத்த அழுத்தக் கருவிக்கு அடியில் ஐம்பது நிமிடம் கிடந்தது. யாரும் அதை வேண்டுமென்று வைக்கவில்லை, யாரும் எடுக்கவும் இல்லை. பிறகு சம்மரி, டைப் செய்ய ஒருவர், திருத்தம், கையெழுத்து. மீதி மருந்து ஒரு நீலக் கூடையில் தரைத்தளத்து ஃபார்மசிக்கு இறங்குகிறது. அங்கே ஒரே ஒரு பையன், அவன் முன்னால் புறநோயாளிகள் கூட்டம். ரிட்டர்ன் என்பது அவனுக்குக் கடைசி வேலை. லேப் கிளியரன்ஸ், ஸ்கேன் கிளியரன்ஸ், கேன்டீன். இத்தனையும் சேர்ந்து அக்காவின் திரைக்கு வரும்போது மணி 2.10. அறை வாசலில் கூடையோடு நின்ற அந்த வீட்டு அம்மா என்னிடம், “நாங்க காசு குடுக்க மாட்டோம்னா சொன்னோம்? குடுக்குறோம்ங்கறவங்களையும் காக்க வைக்கிறாங்களே தம்பி” என்றார். என்னை ஆஸ்பத்திரி ஆள் என்று நினைத்துவிட்டார். மறுத்துச் சொல்லாமல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

இன்ஷூரன்ஸ் மேஜை தனி. அங்கே கத்தல் குறைவு, கசப்பு அதிகம். பிரீமியம் கட்டியவர்கள் தங்களுக்குப் பில்லே கிடையாது என்று நம்பி வருகிறார்கள், அந்த நம்பிக்கை உடைகிற இடம் இது. டிஸ்சார்ஜுக்கான ஒப்புதலைக் கோரிக்கை வந்த மூன்று மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் தர வேண்டும், தாமதத்தால் மருத்துவமனை கூடுதலாக ஏதாவது வசூலித்தால் அதை நிறுவனமே ஏற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் சுற்றறிக்கை விட்டது. “அந்த மூணு மணி நேரம் நாங்க ஃபைனல் பில்ல ஏத்துனதுக்கு அப்புறம்தான் சார் ஆரம்பிக்கும்” என்றார் மேஜைப் பையன். “காலைல டாக்டர் சொன்னதுல இருந்துன்னு ஜனங்க நெனைக்கிறாங்க.” நடுவில் ஒரு கேள்வி கேட்டு அனுப்பினால் போச்சு. பழைய சர்க்கரை நோயா, எத்தனை வருடமாக, பழைய சீட்டு எங்கே. அதற்கு டாக்டரின் பதில் கடிதம் வேண்டும். டாக்டர் தியேட்டரில்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். கரை வேட்டி, சட்டைப்பையில் இரண்டு பேனா. குரலை உயர்த்தவே இல்லை, ஆனால் தாள் நடுங்கியது. “முப்பத்தாறு வருஷம் கணக்கு வாத்தியாரா இருந்தேன் தம்பி. இந்தக் கணக்கு எனக்குப் புரியல. மூணு லட்சம் பாலிசி. மொத்த பில்லே ஒரு லட்சத்துச் சொச்சம். நான் எதுக்கு இருபத்தெட்டாயிரத்து முந்நூறு கட்டணும்?”

விஷயம் அறையில் இருக்கிறது. அவருடைய பாலிசியில் அறை வாடகை நாளொன்றுக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம், அதாவது 3,000 ரூபாய்தான். சேர்த்த அன்றைக்குச் சாதாரண அறை காலி இல்லை, 4,500 ரூபாய் அறை கொடுத்தார்கள். மூன்று நாளுக்கு வித்தியாசம் 4,500. அதோடு விட்டால் பரவாயில்லை. தகுதிக்கு மேற்பட்ட அறை எடுத்தால் டாக்டர் ஃபீஸ், தியேட்டர் போன்ற செலவுகளையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். மூவாயிரம் கீழ் நாலாயிரத்து ஐந்நூறு என்றால் மூன்றில் இரண்டு பங்கு, அவ்வளவுதான் கிடைக்கும். அந்த வகையில் 60,000 ரூபாயில் 20,000 போயிற்று. மருந்துக்கும் பரிசோதனைக்கும் உள்ளே பொருத்தும் கருவிகளுக்கும் இந்த வெட்டு கூடாது என்று ஆணையம் விலக்கு வைத்திருப்பதால் அவை தப்பின. பாக்கி 3,800, கையுறை, முகக்கவசம், சிறுநீர்க் குடுவை போன்றவை. பாலிசியில் சேராத பொருட்கள் என்று 68 உருப்படிகளின் பட்டியல் ஒன்று உண்டு. என் 46 ஜோடிக் கையுறை எந்தப் பட்டியலில் விழுந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆசிரியர் கணக்கைப் புரிந்துகொண்டார். பின்னம்தானே. புரிந்த பிறகு கேட்டார்: “ஆயிரத்தைந்நூறு ரூவா கூடுதல் ரூம், எனக்கு இருபத்து நாலாயிரத்து ஐந்நூறு ரூவா செலவுன்னு சேக்கும்போது யாராச்சும் சொல்லிருந்தா நான் அந்த ரூமை எடுத்திருப்பேனா?” மேஜைப் பையன், “அட்மிஷன்ல சொல்லிருப்பாங்க சார்” என்றான். “சொல்லல” என்றார். அதோடு பேச்சு நின்றுவிட்டது. அட்மிஷன் மேஜை எதிரே பத்தடி தூரத்தில்தான் இருக்கிறது. பையன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கொண்டுவருகிறவர்களின் சங்கடம் வேறு மாதிரி. 2009இல் கலைஞர் பெயரில் வந்து, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடாக மாறி, 2018இல் மத்திய அரசுத் திட்டத்தோடு இணைந்த அட்டை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை. அட்டை இருந்தால் எல்லா மருத்துவமனையிலும் எல்லாச் சிகிச்சையும் என்று ஊரில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இந்த மருத்துவமனைக்கு எலும்பு அறுவைக்கு அனுமதி இருக்கிறது, காய்ச்சலில் படுத்தவருக்கு இல்லை. நாலு பேர் அப்படி வந்து, நாலு பேரும் தலைவரின் பெயரைச் சொல்லித் திட்டிவிட்டு, பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தார்கள். இராஜாஜி மருத்துவமனையை மதுரைக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். கோபத்தின் கடைசியிலும் போக ஒரு இடம் இருக்கிறது என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது.

மதியத்தில் பணம் கட்டும் நேரம். எதிர்ச்சாரியில் அடகுக் கடை ஒன்று இருக்கிறது. நகையை வைக்கப் போனவர் திரும்பி வர இருபது நிமிடம் ஆகும் என்று ஜன்னலில் இருப்பவர்களுக்குத் தெரியும், அதற்குத் தக்கபடி ரசீதை அச்சிடாமல் வைத்திருப்பார்கள். ஒருவர் மூன்று லட்சத்தையும் ரொக்கமாகக் கொண்டுவந்தார். இரண்டு லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் விடாது, 2017 ஏப்ரலிலிருந்து அப்படித்தான். “ஆஸ்பத்திரில பணத்தக் கொண்டாந்து குடுத்தாலும் வாங்க மாட்டீகளா?” என்று அவர் சிரித்தார், அன்றைக்கு அங்கே கேட்ட ஒரே சிரிப்பு. மருத்துவமனைகளுக்கு யு.பி.ஐ. உச்சவரம்பை ரிசர்வ் வங்கி 2023 டிசம்பரில் ஐந்து லட்சமாக உயர்த்தியதை அக்கா ஒரு தாளில் அச்சிட்டு ஒட்டியிருக்கிறார். அதை யாரும் படிப்பதில்லை. அதன் பக்கத்தில் இருக்கிற இன்னொரு பலகையைத்தான் எல்லோரும் படிக்கிறார்கள்: மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் 2008ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படி மூன்று ஆண்டு முதல் பத்து ஆண்டு வரை சிறை. அந்தப் பலகை யாரையாவது தடுத்திருக்கிறதா என்று செக்யூரிட்டியிடம் கேட்டேன். முன்னாள் ராணுவத்துக்காரர். “போர்டப் பாத்து கோவம் வந்தவங்கதான் சார் அதிகம். நாங்க என்ன ரவுடியான்னு கேப்பாங்க” என்றார்.

பில்லே இல்லாத இடத்திலும் கோபம் உண்டு. 2024 நவம்பரில் கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் டாக்டரை நோயாளியின் மகன் கத்தியால் குத்தினான். அது அரசு மருத்துவமனை. அக்கா அதைத்தான் எனக்கு நினைவூட்டினார். “அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு தெரியாம இருந்தா எல்லா இடத்துலயும் ஒண்ணுதான் சார். இங்க அதோட ஒரு தொகையும் சேந்து வருது, அவ்வளவுதான்.” அவர்மேல் ஃபைல் எறிந்திருக்கிறார்கள். ஒருமுறை சூடான காபி. கண்ணாடி போட்டது அதற்குப் பிறகு.

ஐந்து மணிக்கு ஐ.சி.யூ.விலிருந்து ஒரு மரணச் செய்தி வந்தது. உசிலம்பட்டிப் பக்கம், ஐம்பத்தெட்டு வயது, நான்கு நாள். பில் மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம், கட்டியது ஒன்றரை. அக்கா அந்தப் பில்லை அச்சிட்டு, கவிழ்த்து, மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். இறந்தவர் வீட்டுக்குப் பில்லை ஜன்னல் வழியாகக் கொடுப்பதில்லை என்பது இங்கே வழக்கம். முதல் ஒரு மணி நேரம் யாரும் பணம் பேசக் கூடாது. வராந்தாவில் பெண்கள் அழுதார்கள். ஆண்கள் வேன் பேசினார்கள். இரண்டாவது வண்டியில் பதினைந்து பேர் வந்திறங்கியதும் செக்யூரிட்டி தொப்பியைச் சரி செய்துகொண்டார். கத்தல் வரும் என்று நானும் எழுந்து சுவரோரம் நின்றேன்.

மேனேஜர் மேலிருந்து இறங்கி வந்து, வந்தவர்களில் மூத்தவராகத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்துத் தன் அறைக்கு அழைத்துப் போனார். கதவைச் சாத்தவில்லை. அந்தப் பெரியவர் முதலில் சொன்னது: “ஒடம்பக் குடுத்துருங்க. காசு எங்கிட்டும் ஓடிறாது.” பணம் பாக்கி என்பதற்காக உடலைத் தடுத்து வைக்கக் கூடாது என்று தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனம் சொல்கிறது. மேனேஜர் அதைச் சொல்லவில்லை, பெரியவரும் கேட்கவில்லை. நாற்பதாயிரம் அன்றைக்கு, மீதியில் டாக்டர்கள் ஃபீஸைத் தள்ளிக் கொடுத்து, எஞ்சியது காரியம் முடிந்து பதினாறாம் நாளுக்கு அப்புறம். ஒரு வெள்ளைத் தாளில் பெரியவர் கையெழுத்துப் போட்டார். “வருவாங்களா?” என்று பிறகு மேனேஜரிடம் கேட்டேன். “பாதிப் பேரு வருவாங்க. வராதவங்க பேரையும் நாங்க பெருசா தேடறதில்ல.” மனிதாபிமானமா, பதினைந்து பேரைப் பார்த்த பயமா? “ரெண்டும்தான், எழுதிக்கங்க” என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

இறந்தவரின் மகன் மட்டும் பேச்சுவார்த்தையில் இல்லை. மூன்றாம் ஜன்னல் முன்னால் வந்து குனிந்தான். இருபது வயதிருக்கும். “அக்கா, நேத்து சாயங்காலம் ஒரு ஊசி இருபதாயிரம்னு வாங்கச் சொன்னாங்க. வாங்கிக் குடுத்தேன். அதப் போட்டாங்களா?” அக்கா கம்ப்யூட்டரில் தேடினார். “போட்டுருக்காங்க தம்பி. ஆறே முக்காலுக்கு.” அவன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். கோபமே இல்லாத அந்தக் கேள்விக்குப் பிறகு அக்கா கொஞ்ச நேரம் கீபோர்டைத் தொடவில்லை. பொட்டுக்கடலை டப்பாவைத் திறந்து என் பக்கம் நீட்டினார், தான் எடுக்கவில்லை.

ஏழு மணிக்கு இங்கே ஒரு வேலை நடக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள். காபி ஊற்றிய சம்பவத்துக்குப் பிறகு அக்கா கேட்டு வாங்கிய ஏற்பாடு. படுத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அன்று வரைக்குமான கணக்கை அரைத் தாளில் அச்சிட்டு, படுக்கைக்கே போய்க் கூட இருப்பவரிடம் கொடுப்பது. முன்கூட்டியே தொகை தெரிந்தால் மனிதர்கள் எவ்வளவு தூரம் மாறுவார்கள் என்பதற்கு இதே மதுரையில் ஒரு பெரிய சாட்சி உண்டு. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனையில் கட்டணப் பிரிவா, இலவசப் பிரிவா என்று போகிறவரே தீர்மானிக்கிறார். ஆனால் கண்புரை ஒரு நாளில் முடிகிற வேலை. நிமோனியாவோ மூளையில் அடைப்போ எத்தனை நாள் இழுக்கும் என்று அட்டையில் விலை எழுதித் தொங்கவிட முடியாது. தினமும் சாயங்காலம் சொல்லத்தான் முடியும்.

லிஃப்ட் வேண்டாம் என்று படியேறினோம். இரண்டாம் மாடியில் ஒரு பாட்டி சீட்டை வாங்கிப் பார்க்காமலே சுருக்குப்பையில் திணித்தார், “மகன் வந்தா காட்டுறேன் தாயி.” அடுத்த அறையில் ஒருவர் அங்கேயே கத்தினார். ஆக்சிஜன் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவா என்று. அக்கா நின்று கேட்டுக்கொண்டார், பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார், “காலைல மேனேஜர்ட்ட கேட்டுச் சொல்றேண்ணே” என்றார். கீழே ஜன்னலில் கேட்கிற கத்தல் இல்லை இது. அவர் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு கத்தினார், நடுவில் மனைவிக்குத் தலையணையைச் சரிசெய்தார். இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்று அவருக்கும் தெரியும்.

மூன்றாம் மாடிக் கோடியறை. அப்பாவுக்கு நிமோனியா, கூட இருப்பது மகன், ஏதோ ஒர்க்‌ஷாப்பில் வேலை, நகக்கண்ணில் இன்னும் கிரீஸ். சீட்டைக் கவனமாக இரண்டு தடவை படித்தான். 47,200.

“சரிக்கா. நாளைக்கு எவ்வளவு ஆகும்?”

அக்கா டியூட்டி டாக்டருக்குப் போன் போட்டார். ஆன்டிபயாடிக் மாறுகிறதா, வார்டிலேயே இருப்பாரா, ஐ.சி.யூ. போக வேண்டியிருக்குமா, அதைத் தெரிந்தால்தான் ஒரு தொகை சொல்ல முடியும். மணி அடித்து நின்றது. மறுபடி போட்டார். பெரிய டாக்டரின் நம்பருக்கும் போட்டார். காதில் போனை வைத்தபடி அவர் நிற்க, அவன் சீட்டைக் கையில் வைத்தபடி நின்றான். ஆக்சிஜன் குமிழி விடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“எடுக்கலையாக்கா?”

“ரவுண்ட்ஸ்ல இருப்பாங்க தம்பி.”

“பரவால்ல, எடுக்கும்போது கேளுங்க” என்று அவன் கட்டிலுக்கடியிலிருந்து ஸ்டூலை இழுத்து அக்கா பக்கம் தள்ளினான். “நா இங்கதான இருப்பேன்.”